கொசுப்புழுவுக்குக் காவல் இருந்தேன்

பெண் கேட்டுப் போனவனையும் ஓட்டுக் கேட்டுப் போனவனையும் எங்கள் பாலக்காட்டு எலப்புள்ளிப் பக்கத்தில் உட்கார வைத்து, மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். நான் கேட்டுப் போனது கொசுப்புழு. அதனால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"ஏனுங்க, உங்க ஊட்டுல கொசுப்புழு இருக்குதுங்களா? கொஞ்சமாப் போதும்."

கேட்ட மாத்திரத்தில் அந்த வீட்டம்மா முகம் வெளுத்துப்போனார். தோசைக் கரண்டியோடு ஓடி, கிணற்றடியில் இருந்த ஒரு வாளியைக் கவிழ்த்தார். நாய்க்குத் தண்ணீர் வைத்திருந்த சட்டியையும் கவிழ்த்தார். நாய் என்னை ஒரு பார்வை பார்த்தது. "எங்க ஊட்டுல அந்த மாதிரி எதும் இல்லீங்கண்ணா. வேணும்னா வந்து பாத்துக்கங்க" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வருடமாக நான் அந்த வாசலில் நின்று சொன்னதெல்லாம் நேர் எதிர். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் பயத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் எனக்கு டெங்கு வந்தது. பாலக்காட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பெல்லாம் கழன்றதுபோலக் கிடந்தேன். சொந்தக்காரர்கள் போன் செய்து, "இப்ப எவ்வளவுங்க?" என்று என் பிளேட்லெட்டைக் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டில் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். நான் வீடு திரும்பியபோது எங்கள் தோட்டத்துப் பப்பாளி மரங்கள் மொட்டைத் தலையோடு நின்றன. அவற்றுக்கும் டெங்குதான் வந்திருக்கிறது என்றாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது டாக்டர், "இன்னொரு தடவை வராமப் பாத்துக்கங்க. ரெண்டாவது தடவை சிலருக்குக் கொஞ்சம் கடுமையா வரும்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் சாதாரணமாகக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வேட்டிக்குக் கீழே சாக்ஸ் போட்டேன். மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்டினேன். காதருகே ஏதாவது ரீங்கரித்தால் கை தானாகவே கன்னத்துக்குப் போய்விடும். ஒரு கல்யாண வீட்டில் முகூர்த்த நேரம் முழுக்க நான் கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்றதைப் பார்த்து, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "இந்தக் காலத்துல இப்படியொரு பக்தியா!" என்று மெய்சிலிர்த்தார். நான் மறுக்கவில்லை. பந்தியில் எனக்கு இரண்டாவது பாயசம் வந்தது.

பயம் முற்றினால் மனிதன் ஒன்று கோயிலுக்குப் போவான், இல்லை பொதுச் சேவைக்குப் போவான். நான் இரண்டாவதற்குப் போனேன். எங்கள் வார்டின் ஆஷா ஊழியர் ஒரு சேச்சி; மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார், கலக்காமல் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வது அவர் வேலை. டிரை டே என்று அதற்குப் பெயர். யாரும் கூப்பிடாமலே நான் அவரோடு சேர்ந்துகொண்டேன். சிரட்டையைக் கவிழ்த்தேன், பூந்தொட்டியைக் கவிழ்த்தேன். எதிர்வீட்டுப் பங்காளி மொட்டைமாடியில் அடுக்கி வைத்திருந்த டயர்களைப் படம் பிடித்து வார்டு வாட்ஸாப்பில் போட்டேன். எங்கள் வார்டுக்கு ஜெயித்து வந்த மெம்பர் ஒருவர் உண்டு. ஜெயிக்காமலே வந்த மெம்பர் நான். கொசு மெம்பர் என்றே பெயர் நிலைத்தது.

இதோடு சொந்தமாக ஒரு மருந்தும் வைத்திருந்தேன். தென்னைக்கு வேப்பம் புண்ணாக்கு போடாத தோட்டக்காரன் எங்கள் பக்கத்தில் கிடையாது. தென்னை மூட்டில் எவ்வளவு போட்டாலும் தப்பில்லை. போட்டதை மறந்துவிட்டாலும் தப்பில்லை. மண்ணோடு மக்கி அதுபாட்டுக்கு வேலை செய்யும். அதே புத்தியோடு மாடு கட்டும் சாலைக்குப் பின்னால் ஒரு நீல ட்ரம் நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு மூட்டைப் புண்ணாக்கை அப்படியே கொட்டி ஊற வைத்தேன். மழைக்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் மக்கில் மொண்டு கொடுப்பேன். கக்கூஸ் குழிக்கும் சாக்கடைக்கும் ஊற்றச் சொல்வேன். வேலையும் செய்தது. அதனால் பொங்கலுக்கு முன்னால் மறுபடியும் ஒரு மூட்டை போட்டு வைத்தேன். அதற்குப் பின் மழையும் இல்லை, கேட்பாரும் இல்லை. ட்ரம் அதுபாட்டுக்கு வெயிலில் நின்றது.

இந்த நேரத்தில் எங்கள் மகள் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் சிரிக்கக் கூடாது. கொசுப்புழுவைச் செடிகொடிச் சாற்றால் கொல்வது. கொல்வதற்கு முன்னால் வளர்க்க வேண்டுமே! நான் ஊரில் கொசுவை ஒழிக்க ஓடிக்கொண்டிருக்க, என் மகள் லேபில் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, புழுவுக்கு நாய் பிஸ்கட்டைப் பொடி செய்து போட்டுக்கொண்டிருந்தாள். அப்பனுக்கு இரவெல்லாம் வலை. மகளுக்குக் கூண்டு நிறையக் கொசு.

அவள் எடுத்துக்கொண்டது சீத்தா விதை. எங்கள் வரப்பிலேயே சீத்தா மரங்கள் நிற்கின்றன. பழம் வரும் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் தின்று தின்று விதையைக் கிண்ணத்தில் துப்பினோம். வேறெந்தப் படிப்புக்கும் அப்பா அம்மா இப்படி வாயால் உதவியிருக்க மாட்டார்கள். அவள் அதைக் காயவைத்துப் பொடித்து, ஏதோ ஆல்கஹாலில் ஊற வைத்து, வடித்து, கடைசியில் ஒரு சின்னக் குப்பியில் கறுப்புத் தைலம்போலக் கொண்டுவந்து காட்டினாள். நான் மோந்து பார்க்கக் குனிந்தேன்.

"கண்ணுல பட்டா அவ்வளவுதானுங்கப்பா" என்றாள்.

குனிந்த வேகத்தைவிட நிமிர்ந்த வேகம் அதிகம்.

லேபில் வளர்ந்த புழுக்கள் அவள் சாற்றில் சரியாகச் செத்தன. ஆனால் அவளுக்கு வழிகாட்டும் டீச்சர், "இதெல்லாம் ஹாஸ்டல் சாப்பாட்டுப் புழு. ஊர்ப் புழுவில் பார்த்தால்தான் நம்புவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் ஆய்வு முடிவை எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் இன்னொரு பருவம் காத்திருக்க வேண்டும். வடித்த சாறும் அதுவரை வீரியத்தோடு இருக்காது. மறுபடியும் பழம் தின்று விதை துப்புவதிலிருந்து தொடங்க வேண்டும். வியாழக்கிழமை போன் செய்தாள்.

"அப்பா, நம்ம ஊர்ப் புழு வேணுங்க. சனிக்கெழம காலைல வந்தர்றேன். புடிச்சு வெச்சிருங்க."

"அதுக்கென்ன கண்ணு, ஊரெல்லாம் கெடக்குது" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கே கிடக்கிறது? மீன மாதம் என்கிற பங்குனி வெயிலில் எலப்புள்ளியில் மனிதனுக்கே தண்ணீர் இல்லை. வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. மிச்சம் மீதி இருந்த தண்ணீரையும் ஞாயிறு தோறும் நானே கவிழ்த்திருக்கிறேன். ஊரை இவ்வளவு சுத்தமாக வைத்திருந்ததற்கு வாழ்க்கையில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை முழுக்கக் கையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். நம்பினவர் ஒருவரும் இல்லை. ஏதோ புதுச் சோதனை, இருக்கிறது என்று சொன்னால் பஞ்சாயத்து அபராதம் போடும் என்று வார்டு முழுக்கப் பரவிவிட்டது. நான் போகும் தெருவில் எனக்கு முன்னாலேயே வாளிகள் கவிழும் சத்தம் கேட்டது. கடைசியில் பங்காளி வீட்டுக்குப் போனேன். டயர்க்காரர்.

"பங்காளி, உன்ற டயருல..."

"என்ற டயருல என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி நின்னு, கொஞ்சம் புழு..."

"எம்பட டயரப் படம் புடிச்சு ஊருக்கெல்லாம் போட்டீங்கல்ல? எம் மாமியாரூட்டுல இருந்து போன் வந்துச்சுங்க. அன்னிக்கே ஒண்ணு உடாம பழைய சாமான் எடுக்கற ஆக்கர்காரனுக்குத் தூக்கிக் குடுத்தாச்சு."

"அதச் சொல்லல பங்காளி. இப்ப புழு வேணும். புள்ள படிப்புக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருந்தாலும் குடுக்க மாட்டனுங்க" என்றார்.

"இல்லாததக் குடுக்க மாட்டேங்கற மொத ஆளு நீதான்."

"கேக்கக் கூடாததக் கேக்கற மொத ஆளு நீங்கதானுங்க" என்று உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தும் முன் சிரித்ததைப் பார்த்தேன்.

ஊறுகாய்ப் பாட்டில் காலியாகவே வீடு வந்தது. புழு இல்லையென்று சொன்னால் மகள் திட்ட மாட்டாள், "பரவால்லீங்கப்பா" என்பாள். அந்தப் 'பரவால்ல'வைக் கேட்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். ஒரு பை நிறைய வெள்ளைக் கப், துளி விடும் பில்லர், வலைத்துணி, சீத்தாச் சாற்றுக் குப்பி. காப்பி குடித்துக்கொண்டே, "புழு எங்கீங்கப்பா?" என்றாள். நான் காப்பி டம்ளருக்குள் பார்த்தேன்.

என் மனைவி தோசையைத் திருப்பியபடி சொன்னாள்: "உங்கப்பா ஊரெல்லாம் பிச்சை கேட்டாச்சு கண்ணு. ஒருத்தரும் போடல. இங்க மாடுதான் பாவம், ஒரு வாரமா அந்திசந்தில வாலு ஓயறதில்ல."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "மாட்டுச்சாலைல கொசுவா? அங்க தண்ணி எதுல நிக்குது?"

"தண்ணியே இல்ல சாமி. தொட்டிய நான்தான் கழுவிக் கமுத்தறேன். எம்பட மருந்து ட்ரம்மு ஒண்ணுதான் இருக்குது" என்றேன்.

"எப்பப் போட்டதுங்க?"

"பொங்கலுக்கு முன்ன."

"மூடி?"

"வெஷத்துக்கு எதுக்கு மூடி?"

அவள் எழுந்து போனாள். நான் பின்னாலேயே போனேன், சாக்ஸோடு. மாட்டுச்சாலைக்குப் பின்னால் ட்ரம்மின் ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். பால் பாயசத்தில் சேமியா மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது கறுப்புப் பாயசம். சேமியா உயிரோடு இருந்தது. தலைகீழாகத் தொங்கி, எங்கள் நிழல் பட்டதும் மொத்தமாக நெளிந்து நெளிந்து கீழே இறங்கியது. மலையாளத்தில் கொசுப்புழுவுக்குக் கூத்தாடி என்று பெயர். ஒரு வருடத் திருவிழாவுக்கு வேண்டிய கூத்து என் ட்ரம்மில் நடந்துகொண்டிருந்தது.

நான் பின்னால் குதித்ததில் மாடு மிரண்டது.

"வேப்பம் புண்ணாக்குல எப்பிடிம்மா புழு வரும்?"

"வேம்பு புழுவ நேரா அடிச்சுக் கொல்றதில்லீங்கப்பா. அது சட்டைய உரிச்சு உரிச்சுத்தான் பெருசாகும். வேம்பு அதை உரிக்க உடாது, அதுலதான் சாகும். ஆனா தண்ணில கரைச்சு வெயில்ல போட்டா கொஞ்ச நாள்ல அந்தச் சத்து போயிரும். மிச்சமிருக்கறது அழுகின புண்ணாக்குத் தண்ணி. அந்த வாசத்துக்குத் தாய்க்கொசு தேடித் தேடி வரும்."

"அப்ப நான் வெச்சிருந்தது?"

"பிரசவ ஆஸ்பத்திரிங்கப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் கலங்கியது. ட்ரம்மைக் கட்டிப் பிடிக்காத குறை. "இது போதுங்கப்பா. இது போதும்." அவமானத்தில் நான் நெளிந்த நெளிவை அவள் கவனித்திருந்தால் என்னையும் பில்லரில் எடுத்துக் கப்பில் போட்டிருப்பாள்.

தோட்டத்து மோட்டார் ரூமில் பெஞ்சைக் கழுவிப் போட்டோம். அவள் கரண்டியால் மொண்டு நல்ல தண்ணீரில் விட்டு, திரண்ட புழுக்களாகப் பார்த்துப் பில்லரால் உறிஞ்சி, எண்ணி எண்ணிக் கப்புகளில் விட்டாள். சிலவற்றில் சாறு அதிகம், சிலவற்றில் குறைவு. ஓரத்தில் இருந்த கப்புகளில் சாறே இல்லை, வெறுந்தண்ணீர்.

"இதுல எதுக்கு?"

"இதுதான் முக்கியங்கப்பா. இதுல இருக்கறது சாகக் கூடாது. இதுலயும் செத்துட்டா, சாறுனால செத்துதா, சூட்டுல செத்துதா, உங்க ட்ரம்முத் தண்ணி இல்லாமச் செத்துதான்னு ஆருக்குத் தெரியும்? எல்லாமே வீண்தான்."

நாளைக் காலையில் பார்ப்பதாகச் சொல்லி, வலைத்துணியால் மூடிவிட்டு, எண்ணிய களைப்பில் வீட்டுக்குள் போய்ப் படுத்தாள். நான் மோட்டார் ரூமில் நின்றேன். எந்நேரமும் பாக்கெட்டில் கொசுவத்திச் சுருள் வைத்திருக்கும் நான், அதை எடுத்து வெளியே வெகுதூரம் வீசினேன். புகை ஆகாதே! தகரக் கூரை சுட்டது. கூரை மேல் ஈரச் சாக்கு விரித்தேன், காய்ந்தது, மறுபடி நனைத்தேன். சுவரில் ஒரு பல்லி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. துண்டால் அதை விரட்டினேன். சாதாரண நாளில் அந்தப் பல்லி என் கட்சி.

சாயங்காலம் என் மனைவி மோர் கொண்டுவந்து பார்த்தபோது நான் வெறுந்தண்ணீர்க் கப்பின் மேல் குனிந்து, "சாமி, நீங்க மட்டும் செத்துராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மோரை வைத்துவிட்டு, "ஆருகிட்டப் பேசறீங்க?" என்றாள்.

"உள்ளூர்க்காரங்ககிட்ட."

"எனக்குக் காச்சல் வந்தப்பக்கூட இப்பிடி உக்காரல" என்று போய்விட்டாள். அது உண்மை. மோரைக் குடித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் மோட்டார் ரூமுக்கு ஓடினவனுக்கு அது டிரை டே என்பது மறந்தே போயிற்று. சேச்சி வழக்கமாக என்னைக் கூட்டிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவார். தோட்டத்துப் பாதையில் அவர் குடை தெரிந்ததும்தான் நினைவு வந்தது. கதவைச் சாத்தி முன்னால் நின்றேன்.

"ஏட்டா, இன்னு வரலியா?"

"இல்லீங்க சேச்சி, மோட்டாரு ரிப்பேரு. உள்ள வந்துராதீங்க, கரண்ட் அடிக்குது."

எனக்குப் பின்னால் மோட்டார் கும்மென்று ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீர் குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது. சேச்சி தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாறி நில்லு" என்று குடையால் என்னை நகர்த்திவிட்டு உள்ளே போனார்.

பெஞ்சில் வரிசையாகக் கப்புகள். முதல் கப்பின் வலையை விலக்கினார். "அய்யோ, கூத்தாடி!" பல வருடப் பழக்கம் அல்லவா, பேச்சு முடிவதற்குள் கை கப்பைக் கவிழ்க்கப் போய்விட்டது. அது வெறுந்தண்ணீர்க் கப்.

நான் பாய்ந்தேன். இரண்டு கைகளையும் விரித்துப் பெஞ்சின் மேல் கவிழ்ந்து கப்புகளையெல்லாம் கோழி குஞ்சுகளை அணைப்பதுபோல அணைத்தேன். வலைத்துணி என் தலையில் விழுந்தது. "கொட்டாதீங்க சேச்சி! கும்புடறேன், கொட்டாதீங்க!"

"ஏட்டனுக்கு எந்து பற்றி, என்ன ஆச்சு? ஜுரமா?"

சத்தம் கேட்டு, பின்னால் என் மனைவியும் வர, மகள் ஓடிவந்தாள். சேச்சியின் கையைப் பிடித்து மெதுவாகக் கப்பை வாங்கி வைத்தாள். என்ன செய்கிறாள், ஏன் செய்கிறாள், புழு எங்கிருந்து வந்தது என்று எல்லாம் சொன்னாள். ட்ரம் விஷயம் வந்தபோது நான் மோட்டாரைக் கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். பிறகு அவள் குனிந்து ஒவ்வொரு கப்பாகப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். சேச்சியும் குடையை மடக்கிவிட்டு நின்றார்.

சாறு அதிகம் விட்ட கப்புகளில் எல்லாம் அடியில் படிந்து கிடந்தன. பில்லர் நுனியால் தொட்டாலும் அசையவில்லை. சாறு குறைந்தவற்றில் ஒன்றிரண்டு மட்டும் தள்ளாடின. கடைசியாக வெறுந்தண்ணீர்க் கப்புகளுக்கு வந்தாள். அவள் எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.

"ஒண்ணுகூடச் சாகலீங்கப்பா."

கொசுப்புழு உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதன் துள்ளிக் குதித்தது அந்த வார்டின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எந்தா ஏட்டா இது! ஊர் முழுக்க என்னோட நடந்து கவுத்தியே, ஸ்வந்தம் ட்ரம்மை நோக்கலையா?" என்றவர், சிரிப்பு அடங்கியதும் கறுப்புத் தைலக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "மோளே, இது கொள்ளாமல்லோ, நல்ல மருந்தல்லோ. எனிக்கு ஒரு குப்பி தா. மழை வர்றதுக்குள்ள ஓடையில ஊத்தலாம்."

நானாக இருந்தால் குப்பியோடு கப்பையும் பெஞ்சையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். மகள் கையை நீட்டிக் குப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இப்பத் தர மாட்டனுங்க சேச்சி. புழு சாகுதுன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்குது. மீனுக்கு என்ன ஆகும், அந்தத் தண்ணியக் குடிக்கற மாட்டுக்கு என்ன ஆகும்னு இன்னும் பாக்கல. பாத்துட்டு நானே கொண்டாந்து தர்றேன்."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நெஞ்சு நிறைந்தது. புழு செத்ததற்கு அல்ல. ஒரு மூட்டையைக் கொட்டிவிட்டு ஊருக்கெல்லாம் மொண்டு ஊற்றியவனுக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கையை மூடிக்கொள்ளும் ஒரு மகள். இது எந்தப் பக்கத்து ரத்தம் என்று மனைவியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரம்மை அன்றே சேச்சியின் மேற்பார்வையில் கவிழ்த்தோம். காய்ந்து கிடந்த தென்னை மூட்டில் அந்தக் கறுப்புத் தண்ணீர் ஒரு மடக்கில் இறங்கிவிட்டது. கூத்தாடிகள் வெயில் மண்ணில் ஆட்டத்தை முடித்துக்கொண்டன. தென்னை மட்டும் சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்த ட்ரம்முக்கு மூடி இருக்கிறது. மூடியைத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. மகள் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டாள். கல்லூரியில் அவள் பேசிய அன்று நாங்களும் கடைசி வரிசையில் இருந்தோம். புழு எங்கே சேகரித்தது என்று ஒருவர் கேட்க, "எங்க அப்பாவோட ட்ரம்மில்" என்றாள். சபை சிரித்தது. நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால், ட்ரம்மைக் கவிழ்த்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேச்சியோடு வழக்கம்போலத் தெருவில் இறங்கினேன். விஷயம் எங்களுக்கு முன்னாலேயே போயிருந்தது. வாட்ஸாப்பில் என் நீல ட்ரம்மின் படம். யார் போட்டதென்று கேட்க வேண்டியதில்லை. பங்காளி மொட்டைமாடியில் கைகட்டி நின்று காத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க கொசு மெம்பரு! ஊர்ல கொசு வளத்தினது நீங்கதானுங்களாமா?"

தெருவே காதைத் தீட்டியது. நான் சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்திச் சத்தமாகவே சொன்னேன்.

"ஆமா பங்காளி. வளத்தினது நான்தான். கொன்னது எம் பொண்ணு."